பால் குடிக்கிறான், பிஸ்கட் தின்கிறான், சோறு மட்டும் இறங்கவில்லை

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் மாமனார், மாமியாருடன் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறான். மகளுக்கு எட்டு மாதம். மகன் காலையில் எழுந்ததும் குவித்த இரண்டு ஸ்பூன் சத்துப் பவுடரும் ஒரு ஸ்பூன் சீனியும் போட்ட பால் ஒரு டம்ளர் குடிப்பான். பிறகு இட்லியோ தோசையோ இரண்டு வாய். பள்ளி இடைவேளைக்கு கிரீம் பிஸ்கட் இரண்டு. மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். நான்கு மணிக்கு மறுபடி அதே பால், தொட்டுக்கொள்ள இரண்டு பிஸ்கட். மாமனார் மாலையில் கடைத்தெருவுக்குப் போனால் மிட்டாய் இல்லாமல் வரமாட்டார். சனிக்கிழமை அல்வா. இரவுச் சோறு நாலு வாயோடு சரி. வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று மாமியார் இன்னொரு டம்ளர் பால் கொடுத்துவிடுவார்.

எடை 15 கிலோ. ஹீமோகுளோபின் 9.6. டாக்டர் இரும்புச்சத்து சிரப் எழுதியிருக்கிறார். கடைவாய்ப் பற்கள் இரண்டில் சொத்தை. சீனியைக் குறைக்கலாம் என்றால், "பிள்ளை ஒல்லியாகத்தானே இருக்கிறான், சீனியால் அவனுக்கு என்ன கெடுதல்?" என்கிறார்கள். கருப்பட்டிக்கு மாறினால் சரியாகிவிடுமா? இவ்வளவு சேட்டை செய்வதும் சீனியால்தானா? பாப்பாவின் கூழிலும் மாமியார் சீனி சேர்க்கத் தொடங்கிவிட்டார். கணவரிடம் சொன்னால், "பெரியவர்களிடம் நான் எப்படிச் சொல்வது?" என்று ஒதுங்கிக்கொள்கிறார். வீட்டில் மனக்கசப்பு வராமல் இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்குப் பசியே இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பசி வர அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அவனுடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,350 கலோரி தேவை. 200 மில்லி பாலில் 120 கலோரி இருக்கிறது. குவித்த இரண்டு ஸ்பூன் பவுடரை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 75. ஒரு ஸ்பூன் சீனியில் 20. ஆக, டம்ளருக்கு 215. மூன்று டம்ளருக்கு 645. கிரீம் பிஸ்கட் நான்கில் சுமார் 200. தாத்தாவின் மிட்டாயையும் சேர்த்தால் 850ஐத் தாண்டிவிடுகிறது. மீதி இருப்பது 500க்கும் குறைவு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான் இடம். காலை இரண்டு வாய், மதியம் அரை டப்பா, இரவு நாலு வாய் என்று அந்த இடத்தைச் சரியாக நிரப்பிவிட்டு அவன் எழுந்துவிடுகிறான். அவன் வயிறு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள்.

அடுத்தது சீனிக் கணக்கு. சேர்க்கப்படும் இனிப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. உங்கள் மகனுக்கு அது 34 கிராம், முடிந்தால் 17 கிராம். வெறும் பாலில் இயல்பாக உள்ள இனிப்பும், கடித்துத் தின்னும் பழத்தின் இனிப்பும் இதில் சேராது. சீனி, வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் சேரும். 100 கிராம் பவுடரில் 30 கிராமுக்கு மேல் சீனி உள்ள சத்துப் பவுடர்கள் சந்தையில் உண்டு. உங்கள் வீட்டு டப்பாவும் அப்படிப்பட்டது என்றால் ஒரு டம்ளரில் பவுடரால் 6 கிராம், மேலே போட்ட சீனியால் 5 கிராம். மூன்று டம்ளருக்கு 33. பிஸ்கட்டில் 14 வரை. மிட்டாயில் 4 அல்லது 5. மொத்தம் ஏறக்குறைய 50 கிராம்.

சனிக்கிழமை அல்வாவை நான் சேர்க்கவே இல்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவும் வேண்டாம். திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன் என்று ஊருக்கு ஒரு இனிப்போடு வாழும் பகுதியில் பிள்ளையை இனிப்பே தெரியாமல் வளர்ப்பது நடக்காது, தேவையும் இல்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், கோயிலில் பஞ்சாமிர்தம், சனிக்கிழமை தாத்தாவின் அல்வா, எல்லாம் இருக்கட்டும். இவை இனிப்பு என்று தெரிந்தே வருகின்றன. கொஞ்சமாக வருகின்றன, அடுத்தது வர நாளாகும். உங்கள் பிள்ளையைக் கெடுப்பது சத்து என்றும் ஆகாரம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு அன்றாடம் ஐந்து முறை உள்ளே போகும் சீனி. உங்கள் முயற்சி முழுவதும் அதன் மேல் மட்டும் இருக்கட்டும். அல்வாவுக்காக மாமனாரிடம் வாதாடி அந்த முயற்சியை வீணாக்கிவிடாதீர்கள்.

ஒல்லிப் பிள்ளைக்குச் சீனியால் என்ன கெடுதல் என்று கேட்கிறார்களே, அதற்கான பதில் அந்த 9.6இல் இருக்கிறது. அவன் வயதில் ஹீமோகுளோபின் 11.5ஆவது இருக்க வேண்டும். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல உண்டு. உங்கள் வீட்டில் எனக்குக் கண்ணில் படும் காரணம், பாலும் பிஸ்கட்டும் வயிற்றை அடைத்துக்கொண்டு கீரைக்கும் பருப்புக்கும் கறிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டன என்பதுதான். பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. டப்பாவின் மேல் இரும்புச்சத்து சேர்த்தது என்று போட்டிருக்கலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை நாம் பாலில்தானே கலக்கிறோம்? பாலிலுள்ள கால்சியம் இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். ரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும். பசி மந்தமானால் "பாலாவது குடிக்கட்டும்" என்று நாம் இன்னொரு டம்ளர் ஆற்றுவோம். ஒல்லியான பிள்ளைகள் ஒல்லியாகவே இருந்துவிடுவது பல வீடுகளில் இப்படித்தான்.

அந்தப் பவுடர் டப்பாவை மாமியார் எவ்வளவு நம்பிக்கையோடு வாங்குகிறார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் தலைமுறைக்கு அது வளரும் பிள்ளைக்கான பானம் என்றே சொல்லித் தரப்பட்டது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போனால் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவோம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை என்பதுதான் காரணம். இதை மாமியாரிடம் வாதமாக வைக்க வேண்டாம். டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதை உங்கள் கணவரை விட்டு அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏன் கணவர் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பல்லைப் பாருங்கள். இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இதுதான் அவசரம். சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லோடு ஒரு குழந்தையால் கறியை மெல்ல முடியாது, சுண்டலைக் கடிக்க முடியாது. வலிக்கிறது என்று சரியாகச் சொல்லவும் அந்த வயதில் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பாலில் தோய்ந்து கூழான பிஸ்கட் மட்டும் வலிக்காமல் இறங்கும். அந்தப் பிஸ்கட்டோ பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு சொத்தையை வளர்க்கும். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். முன்பற்கள்தான் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை அவனுக்கு வேண்டும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கும் போகலாம். சாப்பாட்டில் மாற்றங்களை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும், வலியோடு இருக்கும் பிள்ளையிடம் எதுவும் பலிக்காது. இரவில் படுக்கும் முன் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை வைத்து நீங்களே துலக்கிவிடுங்கள். ஐந்து வயதுக் கை அதைச் சரியாகச் செய்யாது. துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை சீனி வாய்க்குள் போகும்போதும் கிருமிகள் அதை அமிலமாக்கும், அந்த அமிலம் அரை மணி நேரம்வரை பல்லை அரிக்கும். அதனால்தான் ஒரே வேளையில் ஒரு துண்டு அல்வா தின்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மிட்டாய் சப்புவது பல்லுக்குக் கெடுதல்.

கருப்பட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதன் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் அதில் சிறிதளவு உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சீனியேதான். சொத்தைப் பல்லுக்கு உடன்குடிக் கருப்பட்டிக்கும் ரேஷன் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது. நாட்டுச்சர்க்கரையும் தேனும் அப்படியே. உளுந்தங்களி கிண்டும்போது கருப்பட்டி போடுங்கள், அதில் உளுந்தும் நல்லெண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும். மூன்று வேளைப் பாலிலும் சீனிக்குப் பதில் கருப்பட்டி என்று மாற்றினால் எதுவும் மாறாது.

சேட்டைக்குச் சீனி காரணமில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எதில் சீனி இருக்கிறது என்று சொல்லாமலே கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஐந்து வயதுப் பையன் ஓடியாடினால் சந்தோஷப்படுங்கள். ரத்தசோகை தீர்ந்தால் இன்னும் ஓடுவான்.

இனி செய்ய வேண்டியவை. மூன்று டம்ளரை இரண்டாக்குங்கள். நாளுக்கு 400 மில்லி பால் அவனுக்குப் போதும், தயிரும் அந்தக் கணக்கில்தான் வரும். நிறுத்த வேண்டியது இரவுப் பாலை. முதல் வாரம் மேலே போடும் ஒரு ஸ்பூன் சீனியை அரை ஸ்பூனாக்குங்கள், அடுத்த வாரம் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு பவுடரை ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்குங்கள். ஒரே நாளில் வெறும் பாலை நீட்டினால் துப்பிவிடுவான், மாமியாருக்கும் மனம் கேட்காது. மெல்லக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பவுடருக்குப் பதிலாக ஏதாவது கலந்தே ஆக வேண்டும் என்று மாமியார் கேட்டால், முளைகட்டி வறுத்துத் திரித்த கேழ்வரகு மாவைக் காய்ச்சிக் கொடுக்கலாம்.

நான்கு மணியைத்தான் நீங்கள் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு நல்ல பசி இருக்கும் நேரம் அது. அந்தப் பசியை நாம் பாலாலும் பிஸ்கட்டாலும் அணைத்துவிடுகிறோம். அந்த நேரத்தில் சாப்பாட்டையே கொடுங்கள். பருப்பு அடை, முருங்கைக்கீரை போட்ட தோசை, அவித்த முட்டை, பாசிப்பயறுச் சுண்டல், தை மாதத்தில் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு, எந்த மாதத்திலும் ஒரு கொய்யாப்பழம். நிலக்கடலை கொடுத்தால் ஒரு இடத்தில் உட்கார்ந்து மென்று தின்னச் சொல்லுங்கள், ஓடிக்கொண்டே தின்றால் தொண்டையில் சிக்கும். பால் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்து. பள்ளி டப்பாவிலும் பிஸ்கட்டுக்குப் பதில் பழத்துண்டோ பொரியும் பொட்டுக்கடலையுமோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீடு என்றால் கொஞ்சம் ஈரலோ சுவரொட்டியோ சேர்த்து வாங்கி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். இதை மாமியாரிடம் கேளுங்கள், உங்களைவிட நன்றாகச் சமைக்கத் தெரிந்தவராக அவர் இருப்பார்.

வைப்பது உங்கள் வேலை, எவ்வளவு தின்பது என்பது அவன் விருப்பம். "இதைச் சாப்பிட்டால் மிட்டாய் தருவேன்" என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். புதிய காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவைவரை அது தட்டுக்கு வர வேண்டியிருக்கும். மூன்றாம் தடவையோடு "அவனுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் இரவில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம், உங்களுக்கும் மாமியாருக்கும். காலையில் அந்தப் பசியோடு எழுவான். எழுந்ததும் பாலைக் கொடுக்காமல் முதலில் இட்லியை வையுங்கள்.

தாத்தாவின் மிட்டாயை நிறுத்தச் சொன்னால் அவர் மனம் நோகும். பேரன் வாசலில் காத்திருப்பான் என்ற நினைப்போடுதானே அவர் கடைத்தெருவிலிருந்து திரும்புகிறார். "மாமா, இவன் தினம் பழம் தின்னணும்னு டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் வாங்கிவந்தால்தான் தின்பான்" என்று கேட்டுப்பாருங்கள். முடிந்தால் பேரனையும் கூட்டிக்கொண்டு போகட்டும், பழத்தை அவனே பொறுக்கட்டும். சனிக்கிழமை அல்வாவின் பெருமையும் அவருக்கே இருக்கட்டும்.

பள்ளியில் பிறந்தநாள் மிட்டாய் மாதத்துக்கு நான்கைந்து வரும். வாங்காதே என்று அவனைத் தனித்து நிறுத்தாதீர்கள், அந்த வயதில் அது பெரிய வேதனை. வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரட்டும். சாப்பாடு முடிந்ததும் ஒன்று தின்னலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் பென்சிலோ கலர் பெட்டியோ கொடுத்துத் தொடங்கிவையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் பேசவும் தயங்க வேண்டாம். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. பிள்ளைகள் வழக்கமாகத் தின்னும் உணவுகளில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று காட்டும் பலகைகளை வைக்கும்படி சிபிஎஸ்இ 2025இல் தன் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் பள்ளி எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் அப்படியொரு பலகையைக் கேட்கலாம்.

பாப்பா விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். இரண்டு வயது வரை சீனி, வெல்லம், கருப்பட்டி எதுவும் கூழில் சேர வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதிலிருந்து வரும் ஒரு கிருமி நஞ்சு கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைத்துச் சீனித்தண்ணீர் தொட்டுக் கொடுத்த பழக்கம் உள்ள நமக்கு, இனிப்பில்லாத கூழ் என்றால் பிள்ளையைப் பட்டினி போடுவதுபோல் இருக்கும். ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு அது சப்பென்று இருக்காது, வேறு ருசி இன்னும் அதற்குப் பழகியிருக்காது. பிரிட்டனில் போர்க்காலத்துச் சீனி ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது, உடனே மக்கள் தின்னும் சீனி ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வந்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மசித்த வாழைப்பழம் அல்லது அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கூழில் சேர்த்துக்கொள்ள மாமியாரிடம் சொல்லுங்கள், இனிப்புக்கு அது போதும்.

இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது குறை சொல்வதாகக் கேட்கும். மகன் சொன்னால் கவலையாகக் கேட்கும். பல் மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் போகும்போது அவரையும் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். டாக்டர் 9.6 என்ற எண்ணை மாமியார் முகத்தைப் பார்த்தே சொல்லட்டும். பிறகு வீட்டில் உங்கள் கணவர், "அம்மா, ராத்திரிப் பாலை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். காலை இட்லியை நீங்கள் ஊட்டினால்தான் தின்பான்" என்று ஒரு முறை சொன்னால் போதும். பெற்றோரிடம் பேசத் தயங்குவது அவருக்கு மரியாதையாகத் தோன்றலாம். அந்தத் தயக்கத்தின் சுமையை ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு தாங்குகிறது என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

இரும்புச்சத்து சிரப்பைப் பாலோடும், பால் குடித்த உடனேயும் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூடச் சேர்ந்தால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். கொடுத்தபின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள், பல் கறுக்காது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறது என்று பிள்ளை எடுத்து மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்களா என்று பள்ளியில் கேளுங்கள், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மண், சுவர்ச் சுண்ணாம்பு, திருநீறு, பச்சரிசி என்று எதையாவது தின்கிறானா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறினால், அளவு சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் டாக்டர் சொல்லும்வரை சிரப்பைத் தொடருங்கள். ஏறவில்லை என்றால் சிரப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.